பட்டாளத்து ஆல்பங்களின் ராஜா: யார் இந்த தீன் தயாள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வடமாநிலத்துப் பையன்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, யாரோ நிறுத்தி வைத்த பைக்கில் சாய்ந்து நின்று போட்டோ எடுப்பார்கள். அடுத்த நிமிஷமே அது ஊரில் இருக்கும் அம்மாவின் போனுக்குப் போய்விடும். நல்லா இருக்கேன் என்று சொல்ல அதைவிடச் சுலபமான வழி வேறு இல்லை.

140 வருஷத்துக்கு முன்னால் இதே தேவை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் இருந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு பொதுவாக 60,000-க்கும் அதிகமான வெள்ளைக்காரப் படையினர் இந்தியாவில் இருந்தார்கள். வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். வேலை முடிந்து கப்பல் ஏறும்போது, நான் இருந்த ஊர் இதுதான் என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டாமா? அதனால் கன்டோன்மென்ட் உள்ள ஊரில் எல்லாம் போட்டோ ஸ்டுடியோக்கள் முளைத்தன. பெரும்பாலும் ஐரோப்பியர் கையில் இருந்த அந்தத் தொழிலில் நம்மூர்க்காரர் ஒருவர் நுழைந்து பெரிய பெயர் எடுத்தார். அவர்தான் லாலா தீன் தயாள்.

சர்க்கார் வேலை டு கேமரா

1844-ல் மீரட் அருகே சர்தானா என்ற ஊரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டடத்துக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சுண்ணாம்பு என்று கணக்குப் போடும் உத்தியோகம். 1874 வாக்கில்தான் கேமராவைத் தொட்டார், அதுவும் பொழுதுபோக்காக.

இந்தூர் மகாராஜா துக்கோஜி ராவ் ஹோல்கர் தட்டிக்கொடுத்தார். மத்திய இந்தியாவின் பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி டேலியின் அறிமுகமும் கிடைத்தது. அடுத்து வந்த லெப்பல் கிரிஃபின் இவரைக் கூடவே அழைத்துக்கொண்டு கோட்டை, கோயில் என்று சுற்றினார். அந்தப் பயணத்தின் 86 படங்கள் 1886-ல் புத்தகமாகவும் வந்தன. 40 வயதைத் தாண்டிய, கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கும் ஒரு மனுஷன் பென்ஷன் கிடைக்கும் சர்க்கார் வேலையை உதறினார். ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கலாமா என்று இப்போது இரவெல்லாம் யோசிப்பவர்களுக்கு அந்தக் கலக்கம் புரியும்.

ஹைதராபாத்தின் 6-வது நிஜாம் மஹபூப் அலி கான் இவரை அரண்மனைப் போட்டோகிராஃபர் ஆக்கினார். பின்னர் ராஜா பகதூர், முசவ்விர் ஜங் பட்டங்களும் கொடுத்தார். வைஸ்ராய் டஃப்ரின் பிரபுவின் போட்டோகிராஃபர் என்ற அந்தஸ்தும் வந்தது. ஆனால் கடையை எங்கே திறந்தார் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது.

ஏன் செகந்திராபாத்?

1886-ல் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் செகந்திராபாத். அரண்மனை நாளைக்கே மனம் மாறலாம், பட்டாளம் எங்கேயும் போகாது. நாட்டின் பெரிய கன்டோன்மென்ட்களில் ஒன்று அது. (அங்கே இருந்த படை ரொம்ப காலம் மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்தது. அதோடு போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.) ரெஜிமென்ட்கள் வரும், போகும். வரும் ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் புது வாடிக்கையாளர்.

குரூப் போட்டோ, போலோ டீம், அணிவகுப்பு, போர்ப் பயிற்சி, பங்களா வாசலில் நாய், குதிரை, குழந்தைகளோடு மேஜர் குடும்பம் என்று எல்லாம் எடுத்தார். கூடவே சார்மினார், கோல்கொண்டா, எல்லோரா, குவாலியர் கோட்டைக் காட்சிகள் ஸ்டாக்கில் தயாராக இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, தன் படத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டால் ஆல்பம் ரெடி. பெரிய ஆல்பம் அதிகாரிகளின் சமாச்சாரம்தான். நாளுக்கு 1 ஷில்லிங் சம்பளம் வாங்கும் சாதாரண சிப்பாய், அட்டையில் ஒட்டிய ஒரு படத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வான்.

வேலை சும்மா இல்லை. நெகட்டிவ் என்றால் கண்ணாடித் தகடு. படம் பெரிதாக வேண்டுமானால் அதே அளவுக்குப் பெரிய கண்ணாடியும் அதற்கேற்ற கேமராவும் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் வெள்ளி உப்பு ஏற்றி, அதன்மேல் நெகட்டிவை அழுத்தி வெயிலில் வைப்பார்கள். மழை நாளில் பிரிண்ட் போடுவது கஷ்டம். 1880-களில் உலர் தகடுகள் பரவியது பெரிய விடுதலை. முன்பு தகட்டின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும், அதனால் போகும் இடமெல்லாம் இருட்டறையைத் தூக்கிக்கொண்டே அலைய வேண்டியிருந்தது.

1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோ திறந்தார். பர்தாவில் இருக்கும் பெண்களைப் படம் எடுக்க, அதை நடத்தும் பொறுப்பை கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் கொடுத்தார். 1896-ல் பம்பாயிலும் கிளை வந்தது.

ஆல்பத்தில் பெயர் இல்லாதவர்கள்

ஒரு சங்கடமும் உண்டு. இந்த மாதிரி பட்டாள ஆல்பங்களில் துரைகளின் பெயர் படத்துக்குக் கீழே அழகாக எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்கும் சமையல்காரர், குதிரைக்காரர், ஆயா பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. ஆள்பவனுக்குப் பிடித்த இந்தியாவைத்தானே தீன் தயாள் விற்றார் என்று கேட்டால், ஆமாம், பெரும்பகுதி அப்படித்தான். காசு கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அதே கேமரா நிஜாம் ராஜ்யத்தில் பஞ்ச நிவாரண வேலைகளையும் பதிவு செய்தது. வேட்டையாடிய புலியோடு நிற்கும் பிரபுக்களுக்கும், கூலிக்கும் கஞ்சிக்கும் கூடிய கூட்டத்துக்கும் ஒரே ஸ்டுடியோ முத்திரை. அரண்மனைப் படங்களைவிட இவைதான் இன்றைக்கு மனசில் நிற்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

கடைசி வருஷங்கள் சோகமானவை. கூடவே தொழில் பார்த்த மகன் தரம் சந்த் 1904-ல் இறந்தார். மறு வருஷம் ஜூலையில் தீன் தயாளும் போய்விட்டார். இன்னொரு மகன் கியான் சந்த் ஸ்டுடியோவைத் தொடர்ந்தார். ஆனால் அதற்குள் கோடாக்கின் 1 டாலர் பிரவுனி கேமரா சந்தைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது, யார் வேண்டுமானாலும் தாங்களே படம் எடுக்கலாம் என்ற காலம் தொடங்கிவிட்டது.

2006-ல் இந்தியத் தபால் துறை தீன் தயாளுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989-ல் டெல்லியில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது.