இறைச்சிக்கடைச் சிறுவனின் சக்கரங்கள்

முருங்கனில் அறுவடைக் காலத்துக் காலை வேளைகளில் வீதியோரம் சிறிது நேரம் நிற்பது ஆசிரியனாகிய என் வழக்கம். துவிச்சக்கரவண்டியின் பின்னே பாரங் கட்டி, எதிர்க்காற்றில் மிதித்துச் செல்லும் சிறுவர்களைக் காணுந்தோறும் இத்தாலிய வீரர் பவுஸ்தோ கொப்பியின் இளமை என் நினைவுக்கு வரும்.

கொப்பி 1919ஆம் ஆண்டு செப்தெம்பர் 15ஆம் நாள், வட இத்தாலியில் கஸ்தெல்லானியா என்னும் மலைச் சிற்றூரில், எளிய உழவர் குடும்பத்திற் பிறந்தார். மெலிந்த உடல், படிப்பிலோ நாட்டமில்லை. பள்ளிக்குச் செல்லாது வண்டியோட்டித் திரிந்தமைக்காக ஒரே வாக்கியத்தை நூறு முறை எழுதும் தண்டனையும் பெற்றார். அந்த ஆசிரியரை நான் குறைகூறேன். நானும் அதனையே செய்திருப்பேன்.

13ஆம் வயதிற் பள்ளியை விட்டு, நோவி லிகுரே நகரில் ஓர் இறைச்சிக்கடையில் வேலைக்கமர்ந்தார். வீடுதோறும் இறைச்சி கொடுக்கச் சென்றதும், குன்றேறி ஊர் திரும்பியதும் துவிச்சக்கரவண்டியிலேயே. பயிற்சி என்று எவரும் பெயரிடாத பயிற்சி அது. கப்பலிற் பணிபுரிந்த உறவினர் ஒருவரும் தந்தையும் உதவிய பணத்தால் பந்தய வண்டியொன்று வாய்த்தது. 1938இல் ஒரு போட்டியில் தனித்தோடி வென்றார். பரிசு ஒரு மணிக்கூடு.

அக்காலத்தில் பியாஜோ கவான்னா என்பார் வீரர்களின் உடல் பிடித்துவிடுந் தொழில் செய்துவந்தார். முன்னாட் குத்துச்சண்டை வீரர், கண்பார்வை இழந்தவர். அவர் கொப்பியின் தசைகளை விரல்களால் தடவியே, அம்மெலிந்த உடலுள் ஒரு பெருவீரன் இருப்பதை உணர்ந்தார். உணவு, உறக்கம், பயிற்சி யாவற்றையும் ஒழுங்கு செய்தார்.

1940இல் லெஞானோ அணியில், புகழ்பெற்ற ஜீனோ பார்த்தாலிக்குத் துணைவராகக் கொப்பி சேர்க்கப்பட்டார். தலைவனுக்குக் காற்றை மறைத்து முன்னோடுவதும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் துணைவன் கடமை. ஆனால் இத்தாலியச் சுற்றுப் போட்டியின் 2ஆம் நாளில் நாயொன்று குறுக்கிட, பார்த்தாலி விழுந்து காயமுற்றார். பின்னர் மழையில் அபெத்தோனே மலைவழியே கொப்பி தனித்தேகி முதலிடம் பெற்றார். ஜூன் 9ஆம் நாள், 20 வயதில், அப்போட்டியின் வெற்றிவீரரானார். மறுநாள் இத்தாலி போரிற் குதித்தது.

1942 நவம்பரில் மிலான் ஓடுகளத்தில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடி உலக சாதனை நிறுவினார். 1943இல் வட ஆபிரிக்காவிற் போர்க் கைதியானார். போருக்குப்பின் மேலும் நான்கு முறை இத்தாலியச் சுற்றையும், 1949, 1952 ஆண்டுகளில் பிரெஞ்சுச் சுற்றையும் வென்றார்.

1959 திசெம்பரில், இன்று புர்கினா பாசோ எனப்படும் நாட்டுக்குச் சென்ற கொப்பி, அங்கு மலேரியாவுக்கு ஆளானார். உடன்சென்ற பிரெஞ்சு வீரர் ஜெமினியானியின் நோயை மருத்துவர் கண்டுகொண்டனர், அவர் பிழைத்தார். கொப்பியின் நோயையோ வேறு நோயென்று கருதினர். 1960 ஜனவரி 2ஆம் நாள், 40 வயதில், அவர் இறந்தார். 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எங்கள் குளக்கரை முதியோர் அக்காய்ச்சலின் நடுக்கத்தை இன்னும் மறந்தாரில்லர்.

கண்ணற்ற ஒருவர் கண்டறிந்த வீரரைக் கண்ணுடையோர் நோயறியாது இழந்தனர். பிந்தி வரும் மாணவனுக்குத் தண்டனை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவன் எத்துணைத் தூரம், எத்துணைப் பாரத்தோடு மிதித்து வந்தான் என்று முதலிற் கேட்க நான் கற்றுக்கொண்டது இவ்வரலாற்றிலிருந்துதான்.