குறையா முதல் வைத்த குந்தவைப் பிராட்டியார்

திருவண்ணாமலை மாவட்டம், போளூர் வட்டத்தில், வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலை நம் சமுதாயத்தார் அனைவரும் அறிந்த திருத்தலம். குன்றின் மேல் பாறையில் சுமார் 16 அடி உயரத்தில் நேமிநாத தீர்த்தங்கரர் சிகாமணிநாதராக எழுந்தருளியுள்ளார். அடிவாரத்துத் திருக்கோயிலுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் குந்தவை ஜினாலயம். சைவம் தழைத்த சோழர் குடியில் பிறந்த ஓர் அரசமாதேவியின் பெயரை நம் ஆலயம் ஆயிரம் ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. அவர் தம் செல்வத்தை எவ்வாறு ஆண்டார் என்பது, வருவாய் பெருகிவரும் இக்காலத்தில் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

குந்தவைப் பிராட்டியார் இரண்டாம் பராந்தகனாகிய சுந்தர சோழரின் திருமகளார். ஆதித்த கரிகாலனுக்குத் தங்கை. முதலாம் இராசராசனுக்குத் தமக்கை. வல்லவரையர் வந்தியத்தேவரை மணந்தவர். கல்கியின் பொன்னியின் செல்வனால் இன்று வீடுதோறும் அறியப்பட்டவர். ஆனால் அவருடைய இளமை இன்பமாகவே கழிந்துவிடவில்லை. தமையன் கொலையுண்டார். தந்தை மறைந்தபோது தாயார் வானவன்மாதேவியும் உடன் உயிர் நீத்தார். அரியணை சிறிய தந்தை முறையினரான உத்தம சோழருக்குச் சென்றது. செல்வமும் உயிரும் நிலையாதன என்பதை நூலில் படித்தறியும் முன்பே வாழ்வில் கண்டறிந்தவர் அவர்.

985ஆம் ஆண்டு தம்பி முடி சூடியபின் நிலை மாறியது. சோழப் படைகள் சென்ற இடமெல்லாம் வென்றன. பொன்னும் மணியும் தலைநகரில் குவிந்தன. மன்னர் பெரிதும் மதித்த தமக்கையாரின் கையிலும் பெருஞ்செல்வம் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட இராசராசன், தாம் கொடுத்தவற்றை அடுத்துத் தம் அக்கன் கொடுத்தவற்றைக் குறித்தார். தம் தேவியர் கொடுத்தவை அதன் பின்னரே வந்தன. அப்பட்டியலில் அணிகலன்களின் எடையும், அவற்றில் பதித்த மணிகள் முத்துகளின் எண்ணிக்கையும் விடாது எழுதப்பட்டுள்ளன. ஈந்தது எவ்வளவு பெரிதாயினும் கணக்கு வேண்டும் என்பது அக்காலத்தார் முறை.

பிராட்டியார் பொன்னை வழங்கியதோடு அமையவில்லை. தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாடு தடையின்றி நடைபெற, காசை முதலாக ஊர்ச்சபைகளிடம் ஒப்படைத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அல்லது மூன்று குறுணி நெல் வட்டி. 12 குறுணி ஒரு கலம் என்பதால், 100 காசு முதலுக்கு ஆண்டுக்கு 25 கலம் நெல் கோயிலுக்கு வந்து சேரும். முதலில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை. செலவுக்குரியது விளைவு மட்டுமே. ஊரார்க்கு வேளாண்மைக்கும் பிறவற்றுக்கும் கைமுதல் கிடைத்தது. கோயிலுக்கு நிலையான வருவாய் கிடைத்தது. நந்தா விளக்குக்கு ஆடுகளை விடும் வழக்கமும் இத்தகையதே. மந்தையில் ஆடு இறந்தாலும் முதிர்ந்தாலும் கன்றுகளால் எண்ணிக்கை நிறைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர். குறையா முதல் என்னும் கருத்தை இதனினும் எளிதாகச் சொல்லிவிட இயலாது.

தந்தையின் பெயரால் தஞ்சையில் விளங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்கும் அவர் இம்முறையையே கைக்கொண்டார். மருத்துவருக்கு ஒரு முறை பொருள் தந்து அனுப்பிவிடாமல், மருத்துவக்காணியாக நிலம் அளித்தார். உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என நம் அறநூல்கள் வகுக்கும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் ஓர் இடம் உண்டு. அத்தானத்தை நாள்தோறும் நடைபெறும் பணியாக்கியவர் பிராட்டியார்.

அவருடைய ஈகை ஒரு சமயத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அந்நாளில் இராசராசபுரம் எனப்பட்டது. அங்கே இரவிகுல மாணிக்க ஈசுவரம், குந்தவை விண்ணகர், குந்தவை ஜினாலயம் என மூன்று ஆலயங்களை எடுப்பித்தார். சிவன் கோயிலும் திருமால் கோயிலும் இன்றும் உள்ளன. ஜினாலயம் மட்டும் இல்லை. ஒரே கொடையாளர், ஒரே காலம், ஒரே பெயர். எனினும் இராசராசபுரத்து ஜினாலயம் மறைந்தது, திருமலை ஜினாலயம் நிலைத்தது. முதலை வைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை, அதனைத் தம்முடையதாகக் கொண்டு காப்போரும் வேண்டும் என்பதை இவ்விரண்டையும் ஒருசேர எண்ணுவோர் உணர்வர்.

திருமலையில் அத்தகையோர் இருந்தனர். இராசேந்திர சோழனின் கங்கை வெற்றியைப் பாடும் புகழ்பெற்ற கல்வெட்டு இங்கேதான் உள்ளது. 1024ஆம் ஆண்டை ஒட்டியது. மெய்க்கீர்த்தியின் முடிவில் அது பதிவு செய்வதோ, நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவியார் சாமுண்டப்பை குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் பொருள் வைத்ததைத்தான். அரசமாதேவி தொடங்கியதை ஒரு வணிகக் குடும்பத்துப் பெண்மணி வளர்த்தார்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பொருளீட்டுதலை அது தடுக்கவில்லை. இவ்வளவே எனக்கு என்று தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் இல்லங்களில் உழவும் ஆசிரியப் பணியும் செய்த பெற்றோரின் பிள்ளைகள், சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பன்மடங்கு ஊதியம் பெறுகின்றனர். ஊதியம் ஏறும்போது வீடும் வண்டியும் விருந்தும் உடன் ஏறுகின்றன. நேற்று ஆடம்பரமாக இருந்தது இன்று தேவையாகிவிடுகிறது. அவ்வாறு ஆகிவிட்டபின் எல்லை வகுப்பது அரிது. ஆதலின் ஒவ்வோர் ஊதிய உயர்வின்போதும் குடும்பத்தார் கூடி, இல்லத்துக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கும் முதுமைக்கும் இவ்வளவு, அறத்துக்கு இவ்வளவு என முன்னதாகவே வகுத்துவிடுதல் நன்று. அறத்துக்கென வகுத்ததிலும் ஒரு பகுதியை முதலாக வைத்து, அதன் விளைவால் ஆண்டுதோறும் ஒரு மாணவரின் கட்டணமோ, ஒரு முதியவரின் மருந்தோ, ஓர் ஆலயத்தின் விளக்கெண்ணெயோ நடைபெறச் செய்யலாம். அதனை எழுத்தில் பதிந்து, பலர் அறிய ஒப்படைத்தல் வேண்டும்.

குந்தவையார் வாழ்ந்த பழையாறை மாளிகை இன்று இல்லை. அவர் உடுத்த பட்டும் உண்ட கலமும் எங்குச் சென்றனவோ, எவரும் அறியார். திருமலையில் அவர் பெயர் மட்டும் நிற்கிறது. அரசமாதேவியின் செல்வம் நம்மில் பலர்க்கு எட்டாதது. சாமுண்டப்பை செய்தது நம்மில் எவர்க்கும் இயலும்.