நகராட்சி குமாஸ்தா முதல்-அமைச்சர் ஆனார்: 'தமிழ்நாடு' பெயர் வாங்கித் தந்த காஞ்சீபுரம் அண்ணா

காஞ்சீபுரம்,

ரேஷன் கார்டில் இருந்து பஸ் டிக்கெட் வரை 'தமிழ்நாடு' என்ற பெயர் இருக்கிறது. ஆனால் 1969-ம் ஆண்டு வரை இந்த மாநிலத்துக்கு அரசாங்கப் பெயர் மதராஸ்தான். அதை மாற்றியவர் நம்ம ஊர் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அறிஞர் அண்ணா. பெயரை மாற்றிய அவர், அந்தப் பெயரில் முதல்-அமைச்சராக இருந்தது வெறும் 20 நாள்தான்.

தறிச்சத்தம் கேட்ட வீடு

அண்ணாதுரை 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சீபுரத்தில் பிறந்தார். தந்தை நடராஜன், தாய் பங்காரு அம்மாள். சிற்றன்னை ராஜாமணி அம்மாள்தான் அவரை வளர்த்தார். அவரை அண்ணா 'தொத்தா' என்று கூப்பிடுவார்.

வீட்டில் பெரிய வசதி கிடையாது. படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு காஞ்சீபுரம் நகராட்சியில் சிறிது காலம் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு மறுபடி படித்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பட்டதாரி ஆனார்.

1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தது அவரது வாழ்க்கையைத் திருப்பியது. 1942-ல் காஞ்சீபுரத்தில் இருந்து 'திராவிட நாடு' வாரப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். 1949-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி சென்னையில் தி.மு.க.வைத் தொடங்கினார்.

1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் கஷ்டப்பட்டபோது, தி.மு.க.வினர் தெருத்தெருவாகப் போய் துணி விற்றார்கள். அண்ணாவும் துணி விற்றார்.

பெயருக்காகப் போன உயிர்

1953-ல் ஆந்திரா தனி மாநிலம் ஆனது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. கேரளாவுக்கு கேரளா என்றும், ஆந்திராவுக்கு ஆந்திரா என்றும் பெயர் கிடைத்தது. தமிழர்கள் வாழும் மாநிலம் மட்டும் மதராஸ் என்றே நின்றது.

பெயரை மாற்றச் சொல்லி விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். பெயர் மாற்றம் அவரது பல கோரிக்கைகளில் ஒன்று. இரண்டரை மாதம் சாப்பிடாமல் கிடந்து, 1956 அக்டோபர் 13-ந்தேதி உயிரை விட்டார். அப்போதும் பெயர் மாறவில்லை.

சொந்த ஊரில் தோல்வி

1957 தேர்தலில் காஞ்சீபுரம் மக்கள் அண்ணாவை சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1962-ல் கதை மாறியது. தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் கட்சித் தலைவரான அண்ணா சொந்த ஊரில் தோற்றுப்போனார். பஸ் அதிபரான காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியார் ஜெயித்தார்.

அந்தத் தோல்வி வேறு ஒரு வாசலைத் திறந்தது. அதே ஆண்டு அண்ணா டெல்லி மேல்-சபைக்கு உறுப்பினர் ஆனார். மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் சட்டசபைக்குக் கிடையாது. அரசியல் சட்டப்படி அது பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பாராளுமன்றத்திலேயே 1963-ல் கம்யூனிஸ்டு உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். மசோதா தோற்றது. அண்ணா விடவில்லை.

ஒரே குரலில் தீர்மானம்

1967 தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தென்சென்னை எம்.பி.யாக ஜெயித்திருந்த அண்ணா, மார்ச் 6-ந்தேதி முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். பிறகு சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். (இந்த மேலவை 1986-ல் கலைக்கப்பட்டது.)

நான்கு மாதம் கழித்து, ஜூலை 18-ந்தேதி சட்டசபையில் பெயர் மாற்றத் தீர்மானத்தை அவரே கொண்டு வந்தார். எதிர்க்கட்சியான காங்கிரசும் ஆதரித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புதிய பெயரை அண்ணா 3 முறை முழங்க, கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் எழுந்து வாழ்த்தினார்கள்.

தீர்மானம் டெல்லிக்குப் போனது. 1968-ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம், தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை ஆகியவையும் அண்ணா ஆட்சியில் வந்தவைதான்.

பொங்கலில் வந்த பெயர்

அதற்குள் அண்ணாவைப் புற்றுநோய் பிடித்துவிட்டது. 1968 செப்டம்பரில் அமெரிக்காவில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தும் உடம்பு தேறவில்லை.

1969-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி, பொங்கல் நாளில் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. உடல் நலிந்திருந்த அண்ணா அன்று சென்னை தியாகராயநகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்து வைத்தார். அதுவே அவரது கடைசி பொதுநிகழ்ச்சி ஆகிப்போனது.

பிப்ரவரி 3-ந்தேதி அண்ணா காலமானார். அவருக்கு வயது 59. சென்னையே மனிதக் கடல் ஆனது. லட்சக்கணக்கான மக்கள் கண்ணீர் விட, மெரினா கடற்கரையில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

காஞ்சீபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. காரப்பேட்டையில் ஏழை நோயாளிகள் தேடி வரும் அரசு புற்றுநோய் மருத்துவமனை அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. சட்டசபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்த ஜூலை 18-ந்தேதி, 2022-ம் ஆண்டு முதல் அரசு சார்பில் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.