எம்.டி. படிக்காதவர் மனசுக்குச் சிகிச்சை தரலாமா? டாக்டர் பிராய்ட் எடுத்த ஆச்சரிய முடிவு

மனசு சரியில்லைன்னா சிலர் சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்க்கச் சொல்வார்கள், சிலர் சைக்காலஜிஸ்ட்டை. முதலாமவர் மருத்துவம் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மாத்திரை எழுதித் தருவார். இரண்டாமவர் உளவியல் படித்தவர். பேச்சு வழியே சிகிச்சை தருவார். டாக்டர் இல்லாதவர் சிகிச்சை தரலாமா என்ற சண்டை நூறு வருஷப் பழசு. அதில் டாக்டர் அல்லாதவர்கள் பக்கம் நின்றவர் ஒரு டாக்டர்: சிக்மண்ட் பிராய்ட்.

எட்டு வருஷப் படிப்பு

1856இல் இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்த பிராய்ட், வியன்னாவில் வளர்ந்தார். 17 வயசில், 1873இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். முடித்தது 1881இல்தான். அரியர் எல்லாம் இல்லை, ஆய்வுக்கூடத்தை விட்டு வர மனசில்லை. விலாங்கு மீனின் விரையைத் தேடி சுமார் 400 மீன்களை அறுத்துப் பார்த்தவர் அவர். பிறகு நரம்பு செல்கள். நோயாளி பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை.

1882இல் மார்த்தாவோடு நிச்சயமானது. கையில் காசில்லை. ஆய்வு சோறு போடாதுன்னு அவருடைய பேராசிரியர் புரூக்கேயே எடுத்துச் சொன்னார். அப்புறம்தான் வியன்னா பொது மருத்துவமனை. மூன்று வருஷம் அறுவை சிகிச்சை, மனநோய், நரம்பு நோய் என்று ஒவ்வொரு பிரிவாகப் பயிற்சி. 1885இல் பாரிஸ் போய், ஹிஸ்டீரியா நோயாளிகளுக்கு ஹிப்னாடிசம் செய்த ஷார்கோவிடம் சில மாதம் இருந்தார். 1886இல் வியன்னாவில் சொந்தமாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

இத்தனை படிப்பிலும் ஒரு பாடம் இல்லை: நோயாளி பேசுவதை எப்படிக் கேட்பது? அதை மூத்த டாக்டர் பிராயர் சொன்ன ஒரு நோயாளியின் கதையிலிருந்தும், தன்னிடம் வந்தவர்களிடமிருந்தும்தான் கற்றார்.

சீடர் மீது வழக்கு

தியோடர் ரைக், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மருத்துவம் படிக்க வேண்டாம்னு அவருக்கு யோசனை சொன்னதே பிராய்ட்தான்! 1926இல் அதே ரைக் மீது போலி வைத்தியம் என்று வியன்னாவில் புகார் போனது. பிராய்ட் சும்மா இருக்கவில்லை. இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். மருத்துவக் கல்லூரி உடலைத்தான் கற்பிக்கிறது, மனசைக் கேட்பவருக்குப் புராணம், மதம், இலக்கியம், நாகரிக வரலாறு எல்லாம் தெரியணும் என்பது அவர் வாதம். ஆனா ஒரு நிபந்தனை வைத்தார்: சிகிச்சைக்கு முன்னால் ஒரு டாக்டர் பரிசோதித்து, உடல் நோய் இல்லைன்னு உறுதி செய்யணும். பிராய்டின் பல கோட்பாடுகளை இன்று பலர் ஏற்பதில்லை. இந்த நிபந்தனை மட்டும் இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது.

இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவருடைய மகள் அன்னா பள்ளி ஆசிரியை, மருத்துவப் பட்டம் கிடையாது; குழந்தைகளுக்கு உளப்பகுப்பாய்வு செய்துவந்தார்.

ரைக் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அமெரிக்க உளப்பகுப்பாய்வு டாக்டர்கள் பிராய்ட் சொன்னதைக் கேட்கவில்லை. 1938இல் நாஜிகளுக்குத் தப்பி பிராய்ட் லண்டன் போனார், ரைக் நியூயார்க் போனார். டாக்டர் இல்லை என்பதால் அங்கே ரைக்குக்கு முழு உறுப்பினர் தகுதி தரவில்லை. 1939 செப்டம்பர் 23 அன்று பிராய்ட் இறந்தார். அமெரிக்காவில் அந்தக் கதவு உளவியலாளர்களுக்கு நன்றாகத் திறந்தது 1980களில், அவர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான்.