மூலிகைக்கு முகந் தந்தவர்
1542ஆம் ஆண்டிலே பாசல் நகரில் வெளிவந்த இலத்தீன் மூலிகை நூலொன்றின் இறுதியிலே கலைஞர் மூவரின் உருவங்கள் காணப்படுகின்றன. செடிகளை நேரிற் கண்டு வரைந்தவர் மேயர். அவற்றை மரப்பலகையிற் பெயர்த்தெழுதியவர் புல்மவுரர். பலகையைச் செதுக்கியவர் ஸ்பெக்கல். இத்தகையோர் பெயர் பெரும்பாலும் மறைந்தொழிந்த அக்காலத்தில் இச்சிறப்பினை அவர்க்கு அளித்த நூலாசிரியர் லெயோனாட் பூக்ஸ் என்பவர்.

1501இற் பவேரியாவிற் பிறந்த இவர் மருத்துவர். 1535 முதல் தூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். மருத்துவரே மூலிகையறியாது மயங்குதல் கண்டு மனம் நொந்தார். ஆகவே 500க்கு மேற்பட்ட படங்களைத் தம் நூலில் அமைத்தார். செடியின் வடிவை மறைக்கும் நிழற்கோடுகளை விலக்கச் செய்தார். வெவ்வேறு பருவத்துத் தோன்றும் மலரும் கனியும் ஒரே செடியில் வரையப்பட்டன. இயற்கையோடு சிறிது முரணினும், கற்பார்க்கு அதுவே பெரும்பயன் விளைத்தது. அமெரிக்காவினின்று வந்த மிளகாயை அவர் கள்ளிக்கோட்டை மிளகெனக் குறித்தமை நமக்கு நகை தருவதே.

அந்நூலோடு அவர் அமையவில்லை. மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்து, 1500க்கு மேற்பட்ட படங்களோடு மற்றொரு பெருநூல் யாத்தார். முதனூலை அச்சிட்ட இசிங்கிரின் 1557இல் மறைந்தார். பொருட்செலவுக்கு அஞ்சிப் பிறர் எவரும் முன்வந்திலர். 1566இற் பூக்ஸ் காலமானபோதும் அது அச்சேறவில்லை. அக்கையெழுத்துப்படி இன்று வியன்னா நூலகத்தில் இருக்கின்றது.