சந்திரபாபு: மேற்கத்திய ஆட்டத்தைத் தமிழ் சினிமா எப்படி ஏற்றுக்கொண்டது?

ஸ்கா இசை கேட்டிருக்கீங்களா? 1950களின் இறுதியில் ஜமைக்காவில் பிறந்த துள்ளல் தாளம். பிழைப்பு தேடி பிரிட்டன் போன ஜமைக்கா மக்களின் ஓய்வுநேர ஆட்டமாக லண்டனில் கால் பதித்தது. 1964இல் மில்லி ஸ்மால் பாடிய பாட்டு ஹிட்டானதும் எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு. கிட்டத்தட்ட அதே காலத்தில், ஒரு சிறு கூட்டத்தின் ஆட்டத்தை இங்கே பொதுமக்களிடம் கொண்டுவந்தவர் ஜே.பி.சந்திரபாபு.

யார் இவர்?

1927இல் தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, 1940களில் சென்னை வந்தார். 1947இல் ‘தன அமராவதி’ முதல் படம். ஆனா வாய்ப்புகள் எளிதில் வரவில்லை. 1952இல் விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று கைதானார். அதே ஆண்டு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் நடித்தார்.

யாருடைய ஆட்டம் அது?

அன்றைக்கு ஜோடி நடனம் என்றால் அரக்கோணம், பெரம்பூர் மாதிரி ரயில்வே ஊர்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்தான் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு அது வேடிக்கை, கொஞ்சம் முகச்சுளிப்பும்கூட. அந்த ஆட்டத்தையும், தொண்டையை மடக்கிப் பாடும் யோடலிங்கையும் சந்திரபாபு டூரிங் டாக்கீஸ் வரை கொண்டுபோனார். ‘சபாஷ் மீனா’வில் (1958) ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷையும் பேசினார். ‘மரியாதையான’ வீடுகள் தள்ளிவைத்த இரண்டும் ஒரே நடிகரிடம் சேர்ந்தன.

காமெடியன் மட்டும் ஏன்?

துணைப் பண்பாடுகளை ஆராய்ந்த டிக் ஹெப்டிஜ் 1979இல் ஒரு விளக்கம் தந்தார். புதிய பாணி ஒன்று வந்தால், பெரும்பான்மைச் சமூகம் அதை விற்பனைச் சரக்காக்கும். இல்லைன்னா, ஆபத்தில்லாத வேடிக்கையாக்கும். சந்திரபாபுவுக்கு இரண்டுமே நடந்தது. அவர் பாட்டுக்குத் தியேட்டரில் கூட்டம் வந்தது. ஆனா அப்படி ஆடுகிறவர் பெரும்பாலும் சிரிப்பு நடிகராகவே இருக்க வேண்டியிருந்தது.

அந்த எல்லையைத் தாண்டவும் பார்த்தார். ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் நாயகன், ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) படத்துக்கு இயக்குநர். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. கடன் ஏறியது, குடியும் சேர்ந்தது. 1974 மார்ச் 8 அன்று, 46 வயதில் இறந்தார்.

இன்றைக்கு நல்லா ஆடத் தெரிவது ஹீரோவுக்கே ஒரு தகுதி. அந்த மாற்றத்தை அவர் பார்க்கவில்லை.