பள்ளிக்கூடம் கட்டிய ஆலை முதலாளி

ராபர்ட் ஓவன் 1771-ம் ஆண்டு, வேல்ஸ் நாட்டில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் செய்பவர்.

பத்து வயதிலேயே ஓவன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். துணிக்கடையில் எடுபிடி வேலை பார்த்தார். இருபது வயதில், மான்செஸ்டர் நகரில் 500 பேர் வேலை செய்த பஞ்சாலைக்கே மானேஜர் ஆகிவிட்டார்!

1799-ல் சில கூட்டாளிகளுடன் சேர்ந்து, ஸ்காட்லாந்தில் உள்ள நியூ லானார்க் பஞ்சாலையை 60 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார்.

அங்கே அவர் கண்டது என்ன? குடி, திருட்டு, சண்டை. அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு பிள்ளைகள்கூட இயந்திரங்களுக்கு நடுவே நின்றார்கள்.

வேறு முதலாளியாக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். ஓவன் ஒரு மரக்கட்டையை எடுத்தார்! அதன் நாலு பக்கமும் நாலு நிறம். ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் ஒன்று தொங்கியது. நேற்று நன்றாக வேலை செய்தவருக்கு வெள்ளை முன்னால் தெரியும். மோசமாகச் செய்தவருக்குக் கறுப்பு. திட்டு இல்லை, அடி இல்லை. நாளடைவில் கறுப்பு குறைந்தது, வெள்ளை பெருகியது.

ஒரு சமயம் அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நாலு மாதம் நின்றது. அப்போதும் முழுக் கூலி கொடுத்தார். அதன் பிறகுதான் தொழிலாளிகள் அவரை நம்பினார்கள்.

அடுத்து, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட முனைந்தார். கூட்டாளிகளுக்குக் கோபம் வந்தது. நூல் நூற்கிற இடத்தில் படிப்பு எதற்கு, பணம் பாழாகிறதே என்றார்கள். இத்தனைக்கும் ஆலை நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது!

தகராறு முற்றி, 1813 டிசம்பர் 31-ல் கிளாஸ்கோ நகரில் ஆலை ஏலத்துக்கு வந்தது. 40 ஆயிரம் பவுன்கூடப் பெறாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அதே கூட்டாளிகள், ஏலத்தில் 1 லட்சத்து 14 ஆயிரம் பவுன் வரை கேட்டார்கள். ஓவன் தரப்பு அதற்கு மேல் 100 பவுன் வைத்தது. ஆலை ஓவனுக்கே!

செய்தி கேட்டு, தொழிலாளிகள் வீட்டு ஜன்னல்களில் விளக்கேற்றினார்கள். ஓவன் திரும்பி வந்தபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள்.

புதிய கூட்டாளிகளுடன் நல்ல ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலுக்கு நூற்றுக்கு 5 லாபம். மிஞ்சுவது தொழிலாளிகளின் கல்விக்கும் நலனுக்கும்.

1816 ஜனவரி 1-ல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்குக்கூட அங்கே இடம் உண்டு. பாட்டு, நடனம், படம் பார்த்துப் படிப்பது, எல்லாம் உண்டு. அடி மட்டும் கிடையாது. பத்து வயது ஆகாத பிள்ளைக்கு ஆலையில் வேலை இல்லை. பெரியவர்கள் வேலை முடிந்து, மாலையில் வந்து எழுத்துக் கற்றார்கள். அதற்கு நேரம் வேண்டுமே? வேலை நேரத்தைப் பத்தரை மணியாகக் குறைத்தார்.

ஆலை நொடித்துப் போகவில்லை. இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, பிற்காலத்தில் ரஷ்யாவின் சக்கரவர்த்தியான நிக்கலஸ்கூட அங்கே வந்தார்.

பிறகு அமெரிக்கா சென்று, புது மாதிரிக் கிராமம் அமைக்கப்போய், ஓவன் தம் சொத்தில் பெரும்பகுதியை இழந்தார். 1858-ல், பிறந்த ஊரிலேயே காலமானார்.

நியூ லானார்க் ஆலை 1968 வரை ஓடியது.